மேல் முடிச்சு

நம் வயதுக்காரர்களில் வெயிலில் நின்று பிழைத்துக்கொண்டே வீட்டில் நாயும் வளர்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். இல்லையென்றால் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் ஒரு புங்க மரத்தடியில் இளநீர் வெட்டி விற்கிறேன். காலை எட்டு மணிக்குக் குலையை இறக்கினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஐந்தோ ஆறோ ஆகிவிடும். வீட்டில் இரண்டு நாய்கள். போன வருஷம் மகன் வாசலில் ஒரு கேமராவை மாட்டி, அது என் போனில் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தான். பாவம், அம்மா கவலைப்படுகிறாளே என்று நல்லதாக நினைத்துத்தான் செய்தான். அன்றிலிருந்து ஒரு கண் அரிவாளில், ஒரு கண் போனில். விரல் இன்னும் பத்தும் இருப்பது ஆச்சரியம்.

தினமும் பன்னிரண்டரை மணிக்கு மருமகள் கூப்பிடுவாள். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறாள். “அத்தை, நாய்ங்களுக்குச் சோறு வெச்சுட்டேன்” என்பாள். “சரிம்மா” என்பேன். போனை வைத்த கையோடு கேமராவைத் திறந்து தட்டைப் பார்ப்பேன். இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பெண் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. ஆனாலும் பார்ப்பேன். தட்டில் சோறு இருக்கும். மறுநாளும் பார்ப்பேன்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது என்றுதான் நாற்பது வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். போன மாதம் அந்தப் பெருமை போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமானால், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வந்த ஒரு புளி சீசனைச் சொல்ல வேண்டும்.

அப்பா புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்குகிறவர். தை பிறந்துவிட்டால் பங்குனி வரைக்கும் அதுதான். இன்றைக்கு இந்தக் காட்டு வரப்பில் இரண்டு மரம், நாளைக்கு அந்த ஏரிக்கரையில் ஒரு மரம் என்று அலைகிற வேலை. மேஸ்திரி கிடையாது, முதலாளி கிடையாது. அப்பா மேலே ஏறி உலுக்குவார், எட்டாத கிளையைத் துரட்டியால் இழுப்பார். அம்மா கீழே படுதாவை விரித்துப் பொறுக்குவாள். மூன்று வயதுத் தம்பி படுதாவின் ஓரத்தில் உட்கார்ந்து செங்காயைச் சப்பிக்கொண்டிருப்பான். விடிவதற்குள் மூவரும் கிளம்பிவிடுவார்கள், பொழுது சாயும்போது வருவார்கள். இடையில் வீட்டுக்கு நான்தான். வீடு என்றால் ஊரைவிட்டுத் தள்ளிக் காட்டுக்குள் ஒற்றை வீடு. வாசல் முழுக்கப் புளி காயும்.

அதற்காகத்தான் இரண்டு நாய்கள். ஒன்று செவலை, ஒன்று கருப்பன். இரண்டையும் வீட்டிலேயே விட்டால் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிற புளிக்குக் காவல் இல்லை. இரண்டையும் கூட்டிப் போனால் வீட்டுக்குக் காவல் இல்லை. அதனால் அப்பா முறை வைத்திருந்தார். ஒரு நாள் கருப்பன் வேலைக்குப் போகும், செவலை வீடு பார்க்கும். மறுநாள் மாறும். நாய்களுக்கே அது தெரியும். தன் முறை வந்த நாள் காலையில் செவலை அப்பாவின் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும், கருப்பன் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கும். இப்போது சிப்ட் சிப்ட் என்கிறார்களே, அதை எங்கள் வீட்டு நாய்கள் அப்போதே பார்த்தன.

வீட்டில் நிற்கிற நாயைக் கட்டிப்போட வேண்டும். இது ஊரில் பேசி வைத்த விஷயம். எங்கள் காட்டை ஒட்டித்தான் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகிற தடம். ஆள் இல்லாத வீட்டு நாய் பகலில் அவிழ்ந்து கிடக்கக் கூடாது என்று முன் வருஷமே முடிவாகியிருந்தது. மீறி ஆட்டைக் கடித்தால் அந்த நாய் உயிரோடு இருக்கக் கூடாது, அதுவும் முடிவாகியிருந்தது. கட்டுகிற வேலை என்னுடையது. காலையில் களி உருண்டையை ஆற வைத்துப் பிசைந்து, மோரை ஊற்றி, அடி நசுங்கிய அலுமினியக் குண்டானில் வைப்பேன். தின்று முடித்ததும் கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மத்தியான மணி அடித்ததும் ஓடி வந்து தண்ணீர் வைத்துவிட்டு மறுபடி ஓடுவேன். அந்தக் குண்டானும் போய்விட்டது, கயிறும் போய்விட்டது. கயிறு அப்பாவுடையது. மூட்டை இறக்குகிற நார்க் கயிற்றில் தேய்ந்துபோன துண்டை அறுத்து நாய்க்கென்று கொடுத்திருந்தார். அந்த நாரின் சொரசொரப்பு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது.

அந்தக் கயிறுதான் செவலையின் கழுத்தை அறுத்தது. மாசி மாத வெயில். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, சிவந்து, ஈ மொய்த்தது. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன், கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். துணியைச் சுற்றிக் கட்டு என்றாள். சுற்றினேன். செவலை அரை மணி நேரத்தில் கடித்து இழுத்து எறிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு போனபோது அது என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டது. கட்ட மனசு வரவில்லை. மத்தியானம் வந்து கட்டிக்கொள்ளலாம், அரை நாளில் என்ன ஆகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனேன். கருப்பன் அப்பாவோடு போயிருந்தது.

மத்தியானம் வந்தால் செவலை இல்லை. கூப்பிட்டேன், சீழ்க்கை அடித்தேன், கிணற்று மேட்டில் ஏறிப் பார்த்தேன். வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டுத்தறி ஓரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. போன உயிர் வந்தது எனக்கு. கிட்டே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அதன் தாடையைப் பார்த்தேன். வெள்ளை முடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

வாயைப் பிளந்து பார்த்தேன். நாக்கில் காயம் இல்லை, பல்லிலும் இல்லை. அப்படியென்றால் அது செவலையின் ரத்தம் இல்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால் அதன் தாடையைத் தேய்த்துக் கழுவினேன். செவலை விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது. கழுவி முடித்து, புண்ணைக் கூடப் பார்க்காமல் இறுக்கிக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்காரப் பெரியப்பா வந்தார். எங்களுக்கு உறவு இல்லை. அவர்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு அடுத்த காடு, ஆனாலும் பெரியப்பா பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா ஒரு தூக்குப் போசி நிறைய முறுக்கும் கேக்கும் கொடுத்தனுப்புவாள். பொங்கலுக்கு நாங்கள் கரும்பு கொடுப்போம். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கு இரண்டு கையிலும் ஒரு பெட்டைக் குட்டியை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். அதன் பின்தொடை கிழிந்து தொங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். செவலை காலையிலிருந்து கட்டித்தான் இருக்கிறது பெரியப்பா, நான்தான் கட்டினேன், மத்தியானம் வந்தும் பார்த்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவர் நாயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

அவர் என்னையும் பார்த்தார், நாயையும் பார்த்தார். நாயின் தாடை ஈரமாக இருந்ததையும் பார்த்திருப்பார் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேப்ப மரத்தடியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா வரட்டும் என்றார்.

அப்பாவும் அம்மாவும் வந்தபோது வெளிச்சம் இருந்தது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார். மரம் ஏறுகிறவர் உடம்பில் ஏதாவது ஒரு கட்டு இருப்பது தினப்படி சங்கதி, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெரியப்பா எழுந்து நடந்ததைச் சொன்னார். உச்சி வெயில் நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் குட்டி கத்தியதாம். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் செவலை நிறத்தில் ஒரு நாய் புதருக்குள் பாய்ந்ததாம். முகம் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தாராம். நாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன் என்று உங்கள் பெண் சொல்கிறாள் என்று முடித்தார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“கட்டியிருந்தியா பாப்பா?”

“கட்டியிருந்தேம்பா.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டினார், அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அப்பா பெரியப்பா பக்கம் திரும்பினார். “எங்க நாய் உங்க குட்டியக் கடிக்கலீங்கண்ணா. வேணும்னா நாளைக்குக் காலையில முனியப்பன் முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றேன்” என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் தெரிய வேண்டும். சாமி முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். யார் செய்தாலும் அது சத்தியம்தான். ஆனால் மரம் ஏறுகிறவன் செய்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு மரம் ஏறினால் கிளை தாங்காது என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். நிலத்தில் நிற்கிறவன் பொய் சொல்லிவிட்டுப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம். முப்பதடி உயரத்தில் நிற்கிறவனுக்கு ஏது பரிகாரம்? அதனால்தான் புளி உலுக்குகிறவர்கள் சும்மா பேச்சுக்குக் கூடச் சாமி மேல் ஆணை வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் முனியப்பன் கோயிலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கு வெளியே நின்றார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, மரம் ஏறுகிறவர் சத்தியம் எனக்குப் போதும் என்றார். பிறகு, நாய் கட்டித்தான் இருந்தது என்று சத்தியம் பண்ணச் சொன்னார்.

அப்பா மறுப்பாகத் தலையை ஆட்டினார். “கடிக்கலன்னு பண்றேங்கண்ணா. அது போதும்.”

சொல்லிவிட்டுக் கற்பூரத்தை அடித்தார். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது என் காதில் விழவில்லை. பெரியப்பா காதில் விழுந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சத்தியத்தை ஏற்றுக்கொண்டு போய்விட்டார், ஊர் வழக்கத்தை அவர் மீறவில்லை. செவலை உயிரோடு தப்பியது. குட்டி மூன்றாம் நாள் செத்துப்போனது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தூக்குப் போசி வரவில்லை, அதற்குப் பிறகு எந்த வருஷமும் வரவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பெரியப்பா கட்டுத்தறியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

எனக்கோ நாயும் பெரிதாகத் தெரியவில்லை, முறுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா என்னை நம்பிப் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டார், இனி மரம் ஏறப் போகிறார். அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் அப்பா செத்துவிடுவார் என்று பயந்த பயம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன், பிரசவம் பார்த்துவிட்டேன், வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த மாதிரி ஒரு பயம் மறுபடி வரவே இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். வெளியே ஏதாவது சைக்கிள் வேகமாக வந்தால் எனக்குத்தான் சேதி வருகிறது என்று எழுந்து நின்றுவிடுவேன். டீச்சர் வயிற்று வலியா என்று கேட்பார்.

செவலையைக் கண்டாலே ஆகவில்லை. உனக்காகத்தானே சொன்னேன், நீ போய்க் கடித்துவிட்டு வந்தாயே என்று அதன் முன்னால் உட்கார்ந்து திட்டுவேன். ஆடு போகும்போது அதன் காது எப்படி நிற்கிறது என்று கவனிப்பேன். தூக்கத்தில் அது காலை உதைத்தால், கனவில் குட்டியைத் துரத்துகிறது என்று தோன்றும். முன்பு என் தட்டிலிருந்தே களியைப் பிட்டுப் போடுவேன். அதையெல்லாம் நிறுத்திவிட்டேன். அது என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் என் பின்னாலேயே சுற்றியது.

அப்பாவிடமும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் நாயைக் கட்டுவது என் பொறுப்பு, அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சத்தியத்துக்கு அப்புறம், அவர் கிளம்புவதற்கு முன்பே என்னை எழுப்பிக் கட்டச் சொன்னார். கழுத்துக்குப் பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து ஒரு பட்டை செய்திருந்தார், புண் ஆற ஆரம்பித்தது. அந்தப் பட்டையில் கயிற்றை மாட்டி நான் முடிச்சுப் போடுவேன். அவர் வந்து குனிந்து முடிச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போடுவார். நாய் மேல் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று அடம்பிடித்து மரத்தடிக்குப் போனேன். அவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்கு. ஏரிக்கரையில் பெரிய மரம். அப்பா உச்சிக் கிளைக்குப் போய் உலுக்க ஆரம்பித்தார். புளி சடசடவென்று படுதாவில் விழுந்தது. நான் ஒரு காயைக்கூடப் பொறுக்காமல் அண்ணாந்து நின்றேன். திடீரென்று படீர் என்று ஒரு சத்தம். அவர் நின்ற கிளை அடியோடு முறிந்து தொங்கியது. அப்பா ஒரு கையால் மேல் கிளையைப் பிடித்துத் தொங்கினார். காலை வீசிக் கவட்டையில் ஊன்றி, மெதுவாகச் சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்தார். மார்பு முழுக்கச் சிராய்ப்பு. அம்மா முனியப்பா முனியப்பா என்று அரற்றிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். முனியப்பன்தான் ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துபோனது.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் மேல் புளிய இலையும் வியர்வையும் கலந்த வாசனை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா பாப்பா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கட்டாமல் விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டால் அவர் முனியப்பனிடம் போய்த் தப்புக் காசு கட்டி மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் சொன்னால் செவலையைக் கொன்றுவிடுவார்கள். அதைவிட, நான் பொய்க்காரி என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கண்ணைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, “எறும்பு கடிச்சிருச்சுப்பா” என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். எறும்பும் இல்லை, தடிப்பும் இல்லை. “சரி” என்றார். எழுந்து துரட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். அந்தச் சீசனில் அதற்குப் பிறகு அவர் மரத்தில் இருக்கும்போது நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

சீசன் முடிந்தது. அப்பா விழவில்லை. அடுத்த சீசனும் விழவில்லை. செவலை கிழடு தட்டி ஒரு மழைக்காலத்தில் தானாகச் செத்துப்போனது. அந்தக் குட்டியைக் கடித்தது எது என்று ஊருக்குத் தெரியவே இல்லை. அப்பாவின் சந்தேகம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பரீட்சையில் பாஸ் என்று நான் சொன்னால், மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டீச்சரைக் கேட்டுவிட்டு வருவார். தோழி வீட்டுக்குப் போய்வந்தேன் என்றால், அந்தத் தோழியின் அப்பாவைச் சந்தையில் பார்க்கும்போது ஆமாவா என்று கேட்பார். கல்யாணமாகி அரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், போனில் நான் நல்லாயிருக்கேன்பா என்றால், மாப்பிள்ளைகிட்டக் கொடு என்பார். எங்கப்பா எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டார் என்று நான் புகுந்த வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

எழுபத்து நாலு வயதில், கட்டிலில் படுத்தபடி, மூச்சுத் திணறி அவர் போனார். எழவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு நிம்மதி வந்தது. மரத்திலிருந்து விழாமல் கட்டிலில் போய்விட்டார், என் பொய் அவரைக் கொல்லவில்லை என்ற நிம்மதி. பெற்ற அப்பன் கிடக்கும்போது வரக்கூடிய நிம்மதியா அது? வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக்காரர் போன பிறகு நான் இந்தப் பக்கமே திரும்பி வந்து கடை போட்டேன். சில நாள் அம்மாவும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன மாதம் ஒரு நாள் அப்படித்தான். பன்னிரண்டரைக்கு மருமகள் கூப்பிட்டாள். சரிம்மா என்று வைத்தேன். கேமராவைத் திறந்தேன்.

“வெச்சுட்டேன்னு அந்தப் புள்ள சொல்லுது. அப்புறம் அதுல என்னத்தப் பாக்கற?” என்றாள் அம்மா.

அப்பா மாதிரி எனக்கு, ஒரு தடவை பார்த்துக்கொண்டால்தான் மனசு அடங்கும் என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. “உங்கப்பன் ஊருல யாரைச் சந்தேகப்பட்டாரு? புளி வாங்கறவன் தராசுல வெச்சா முள்ளைக்கூடப் பாக்க மாட்டாரு. உன் தம்பி நூறு பொய் சொல்லுவான், அத்தனையும் நம்புவாரு. உன்னை மட்டுந்தான் பாத்தாரு” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா இத்தனை வருஷம் கழித்து, வெட்டிப்போட்ட இளநீர் மட்டைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, ஊர்க் கதை மாதிரி சொன்னாள்.

“அன்னிக்குச் செவலை எங்ககூடத்தான் இருந்துச்சு. நாங்க காலையில கூழு குடிக்கறப்பவே மோப்பம் புடிச்சு மரத்தடிக்கு வந்துருச்சு. மத்தியானத்துக்கு மேல உங்கப்பனுக்குத் துரட்டி பட்டுக் காலு கிழிஞ்சுது. அது போயி அந்த ரத்தத்தை நக்கிக்கிட்டே படுத்துக் கெடந்துச்சு. அப்புறந்தான் அவரு, வூட்ல யாருமில்ல, வூட்டுக்குப் போன்னு முடுக்கி வுட்டாரு.”

அரிவாளைக் கீழே வைத்தேன். ஒருவர் இளநீர் கேட்டு நின்றார். இல்லைங்க என்று அனுப்பிவிட்டேன். குலை குலையாக இளநீர் எதிரே கிடந்தது.

குட்டி கடிபட்ட நேரத்தில் செவலை மரத்தடியில் இருந்ததால், அது குற்றமற்றது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் பண்ணியது உண்மைச் சத்தியம். கட்டியிருந்தது என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது, அதனால் சொல்லவில்லை. நாய் எங்களோடு மரத்தடியில் இருந்தது என்று அப்பா பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். அப்படிச் சொன்னால் நான் பொய்க்காரி என்று பெரியப்பா முன்னால் ஆகிவிடும். அதற்காகக் கற்பூரத்தில் கையை வைத்தார். அதற்காக அடுத்த காட்டு உறவையும் விட்டார். என்னிடம் இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

நீயாவது அப்போதே என்னைக் கேட்டிருக்கலாமே, நாலு அறை அறைந்திருக்கலாமே என்றேன் அம்மாவிடம்.

“அவளா வந்து சொல்லுவா, நீ கேக்காதேன்னுட்டாரு. ஒரு வாரம் பாத்தாரு. அப்புறம் சீசன் முடியட்டும்னாரு. அப்புறம் அதைப் பத்திப் பேசறதையே வுட்டுட்டாரு.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அத்தனை வருஷமும் குறுகுறுத்தது, தப்பான இடத்தில் குறுகுறுத்தது. அவர் மரத்திலிருந்து விழுந்துவிடுவார் என்று அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் தப்புப் பண்ணினார் என்றுதான் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளை, தானாக வந்து சொல்லட்டும் என்று அப்படியா காத்திருப்பது? ஓர் அதட்டல் போட்டிருந்தால் கொட்டியிருப்பேன். கொட்டியிருப்பேனா என்று யோசித்தால் அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தக் கயிற்றில் என் முடிச்சின் மேல் அவர் தினமும் ஒரு முடிச்சுப் போட்டாரே, அது நாய்க்குப் போட்டது இல்லை.

மறுநாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பெரியம்மா இருக்கிறாள், காது கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நாயைக் கட்டாமல் விட்டேன் பெரியம்மா, ஆனால் எங்கள் நாய் கடிக்கவில்லை என்று இரண்டு மூன்று முறை கத்திச் சொன்னேன். எந்த நாய் என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. “அத்தை, நாய்ங்களுக்குச் சோறு வெச்சுட்டேன்” என்றாள் மருமகள். சரிம்மா என்றேன். அதன் பிறகு நான் கேமராவைத் திறக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் சொல்ல மாட்டேன். திறந்தேன். தட்டில் சோறு இருந்தது, பக்கத்தில் தண்ணீரும் இருந்தது.